திங்கட்கிழமைக் கத்தரிக்கோல்

எங்கள் வீட்டில் திங்கட்கிழமை ஹிந்து பேப்பரை மத்தியானத்துக்கு மேல் யார் எடுத்தாலும் நடுவில் ஒரு ஜன்னல் இருக்கும். அப்பா கத்தரித்த இடம். அதன் பின்பக்கத்தில் எனக்கு வேண்டிய சினிமாச் செய்தியும் சேர்ந்து போயிருக்கும். அதற்காக நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை.

கத்தரித்தது, சென்னையின் பழங்கதைகளை எழுதிவந்த எஸ். முத்தையாவின் 'மெட்ராஸ் மிஸலனி'. 1999-இல் தொடங்கிய அந்தப் பத்தி, 2019 ஏப்ரல் 20-ஆம் தேதி அவர் காலமாகும் வரை ஏறத்தாழ இருபது வருஷம் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் 89 வயது முடிந்திருந்தது. அப்பா 2016-லேயே போய்விட்டார். இருந்திருந்தால் அந்தச் செய்தியையும் வெட்டி ஒட்டியிருப்பார். போன மாதம் வீடு மாற்றும்போது அந்த லெட்ஜர் கையில் கிடைத்தது. மைதா பசை போட்டு ஒட்டியது, பாதிப் பக்கங்களைக் கரப்பான் சாப்பிட்டிருக்கிறது.

அப்பா பாரிமுனையில் ஒரு வங்கியில் காசாளராக இருந்தவர். தினமும் ஒரே பஸ், ஒரே வாசல். டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கும் கல்தூண் ஒன்றைப் பல வருஷங்களாகப் பார்த்திருக்கிறார். ஏதோ பழைய காலத்து எல்லைக்கல் என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான். அப்புறம் முத்தையா எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். எல்லைக்கல்தான், ஆனால் கதை பெரியது. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்து வீடுகள் அவர்களுக்கு மறைவிடமாகப் போயின. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் அந்தப் பகுதியையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இனி இந்த எல்லையைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-இல் ஆறு தூண்கள் நட்டார்கள். மிஞ்சியது இது ஒன்று. இன்றைக்கு ஹைகோர்ட் நிற்பது அந்த இடிக்கப்பட்ட ஊரின் மேல்தான். வெயிலில் நின்றபடி அப்பா இதையெல்லாம் சொன்னார். எனக்கு அப்போது பதினைந்து வயது. கரும்புச் சாறு வேண்டும் என்று கேட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

முத்தையா பள்ளத்தூர்க்காரர். வளர்ந்தது கொழும்பில், படித்தது அமெரிக்காவில். 1951 முதல் பதினேழு வருஷம் 'டைம்ஸ் ஆஃப் சிலோன்' பத்திரிகையில் வேலை. 1968-இல் சென்னைக்கு வந்து வரைபடங்கள் அச்சிடும் நிறுவனத்தில் சேர்ந்தார். ஆக, இந்த ஊரில் பிறக்காத, நாற்பதை நெருங்கும்போது வந்து சேர்ந்த ஒருவர்தான் இதன் தெருக்களை நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இங்கேயே பிறந்த நாம் தம்பு செட்டித் தெருவில் வண்டி நிறுத்த இடம் தேடினோமே ஒழிய, தம்பு செட்டி யார் என்று கேட்டதில்லை. 1981-இல் அவருடைய புத்தகம் வந்தது. பின்னால் விரிவடைந்து, 'சென்னை மறுகண்டுபிடிப்பு' என்று தமிழிலும் கிடைக்கிறது. 1991-இல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' பத்திரிகையைத் தொடங்கினார். ஆகஸ்ட் 22-ஐ ஊரே கொண்டாடுகிறதே, அந்த மெட்ராஸ் தினம் 2004-இல் அவரும் நண்பர்களும் ஆரம்பித்து வைத்தது.

குறையும் சொல்ல வேண்டும். அவருடைய மெட்ராஸில் கம்பெனி துரைகளும் கிளப்புகளும் பெரிய வணிகக் குடும்பங்களும் அதிகம். வடசென்னையில் மூட்டை தூக்கியவர்கள் அந்த அளவுக்கு இல்லை. 1996-இல் ஊர்ப் பெயர் மாறிய பிறகும் அவர் மெட்ராஸை விடவில்லை. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அப்பாவுக்கு இருந்தது. அது வேறு சண்டை.

ஆனால் அப்பா அவரை மதித்ததற்குக் காரணம் வரலாறு இல்லை என்று இப்போது தோன்றுகிறது. பத்தியின் கடைசியில் 'தபால்காரர் தட்டியபோது' என்ற பொருளில் ஒரு பகுதி வரும். போன வாரம் எழுதியதில் இந்த விவரம் தவறு, அவர் என் தாத்தா, அந்த வீடு தெருவின் எதிர்ப்பக்கம் என்றெல்லாம் வாசகர்கள் எழுதுவார்கள். அதை அவர் பேர் போட்டு அச்சில் ஏற்றிவிடுவார். இருபது வருஷம் வாராவாரம் எழுதுகிற ஒருவர் தன் பிழையைத் தன் இடத்திலேயே போடுவது லேசான காரியமில்லை. மாலையில் பத்து ரூபாய் குறைந்தால் கணக்கு நேராகும் வரை வீட்டுக்கு வராத மனிதர் என் அப்பா. அவருக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

லெட்ஜரின் பின்னட்டையில் ஒரு கடிதம் செருகியிருந்தது. அப்பா கையெழுத்து, ஆங்கிலத்தில், மூன்று பிரதிகள், மூன்றிலும் அடித்தல் திருத்தல். சென்னையில் டிராம் நின்றுபோன 1953-இல் அப்பாவுக்குப் பத்து வயது. சோடா மூடியைத் தண்டவாளத்தில் வைத்து, டிராம் ஏறிப் போனதும் தட்டையாக எடுத்து நடுவில் இரண்டு ஓட்டை போட்டு நூல் கோத்தால் சுற்றும் சக்கரம் ஆகுமாம். அந்த மூடிகளைக் கொடுத்துக் கோலி வாங்கலாமாம். இதைத்தான் முத்தையாவுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

அனுப்பவில்லை. மூன்றாவது பிரதியின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் ஒரு குறிப்பு: "பிராட்வேயா, தங்கசாலையா? அண்ணனிடம் கேட்டுச் சரிபார்க்கணும்." தேதி 2004.

பெரியப்பாவுக்கு இப்போது காது மந்தம். போன் போட்டு, கத்திக் கத்திக் கேட்டேன்.

"எந்த டிராம்? எங்களுக்கு யாரும்மா டிராமுக்குக் காசு கொடுத்தா? நடந்துதான் போவோம்" என்றார்.