ஸ்டென்ட் வைத்தும் ரத்தம் இறங்காதபோது

எங்கள் நைனாவுக்கு மாரடைப்பு வந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். இதுவரைக்கும் எல்லா வீட்டிலும் கேட்கிற கதைதான். ஆனால் ரத்தக்குழாய் திறந்த பிறகும் இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை. டாக்டர்கள் இதை ‘நோ-ரீஃப்ளோ’ என்கிறார்கள். அந்த வார்த்தையை முதல்முறையாகக் கேட்டுவிட்டு என்ன கேட்பது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நைனா காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்த்தவர். ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. விடியற்காலையில் நெஞ்சில் பாரமாக இருந்திருக்கிறது. வாயுதான் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு மந்தமாகிவிடுவதால் வலி பெரிதாகத் தெரியாமலும் போகலாமாம். அம்மா பார்த்தபோது பனியன் வியர்வையில் நனைந்திருந்தது. 108க்கு அடித்தோம். “வாயுப் பிடிப்புக்கு இன்னாடா ஆம்புலன்ஸு?” என்று ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே சண்டை போட்டார். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எங்கள் ரோட்டில் டிரைவர் எப்படித்தான் சந்து கண்டுபிடித்தாரோ!

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்ததும் எல்லாம் வேகமாக நடந்தது. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார்கள், என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள், ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேபுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ. இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகும் எல்.ஏ.டி. குழாயில் முழு அடைப்பு, அதிலும் பெரிய ரத்தக்கட்டி. பலூன் விட்டு, ஸ்டென்ட் வைத்தார்கள். “அடைப்பு எடுத்தாச்சு” என்று ஒரு நர்ஸ் வந்து சொன்னதும் அத்தை ஊருக்கெல்லாம் போன் போட ஆரம்பித்துவிட்டார். டாக்டர் மட்டும் வெளியே வரவில்லை.

பிறகு என்னை கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் கூப்பிட்டுக் காட்டினார். ஸ்டென்ட் வைத்த இடம் அகலமாக, பளிச்சென்று தெரிந்தது. ஆனால் உள்ளே விட்ட மருந்துச் சாயம் குழாயின் நுனிவரை ஓடாமல் பாதியிலேயே தயங்கி நின்றது. இந்த ஓட்டத்துக்கு ‘டிமி’ என்று ஓர் அளவு இருக்கிறது. 0 என்றால் ஓட்டமே இல்லை, 3 என்றால் இயல்பான ஓட்டம். நைனாவுக்கு 1.

“பெரிய குழாய் திறந்துடுச்சு தம்பி. அதுக்குக் கீழே தசைக்குள்ள போற பொடிக் குழாய்கள்தான் திறக்கல” என்றார். மெயின் லைனைச் சரிசெய்த பிறகும் தெரு அடிபம்பில் மெட்ரோ வாட்டர் வராமல் காற்று மட்டும் வருமே, எனக்கு அப்படித்தான் புரிந்தது. காரணம் ஒன்றல்ல. உடைந்த ரத்தக்கட்டியின் துணுக்குகள் கீழே போய் அடைக்கின்றன. ரத்தம் இல்லாமல் கிடந்த நேரத்தில் நுண்குழாய்களின் உட்சுவர் வீங்கிவிடுகிறது. ரத்தம் திரும்ப வரும்போது வெள்ளையணுக்களும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. வீங்கிய தசை வெளியிலிருந்தும் நசுக்குகிறது. பொடிக் குழாய்க்குள் பலூனும் போகாது, ஸ்டென்ட்டும் போகாது. மருந்துதான் வழி.

மெல்லிய குழாயை உள்ளே ஆழமாக விட்டு, பொடிக் குழாய்களை விரிக்கும் அடினோசின் மருந்தைக் கொடுத்தார்கள். நாடித்துடிப்பு சட்டென்று இறங்கி, பின்பு ஏறியது. தட்டணுக்கள் ஒட்டாமல் இருக்க டிரோஃபிபானும் ஓடியது. கடைசியில் ஓட்டம் 2க்கு வந்தது. 3 வரவில்லை. அடுத்து எடுத்த ஈசிஜியிலும், மாரடைப்பால் கோட்டில் எழும்பியிருந்த மேடு பாதிகூட இறங்கவில்லை. இது முக்கியம். படத்தில் குழாய் அழகாகத் தெரிந்தாலும், தசைக்கு ரத்தம் போகிறதா என்பதை ஈசிஜியின் மேடு எவ்வளவு இறங்கியது என்பதை வைத்தும் கணிக்கிறார்கள்.

பின்னாளில் படித்தபோது 1974இல் குளோனர் குழுவினர் நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. குழாயை 40 நிமிடம் அடைத்துத் திறந்தபோது ரத்தம் தசைக்குத் திரும்பிவிட்டது. 90 நிமிடம் அடைத்தபோது பல இடங்களில் திரும்பவே இல்லை. அந்தச் சோடாவை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவான சிசியுவில் இருந்த நாட்கள்தான் கஷ்டம். பிரஷர் இறங்கியது, நுரையீரலில் நீர் கோத்தது. எக்கோ ஸ்கேனில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு, 35 சதவீதம்தான். இதயத்தின் முன்சுவர் அசைவு குறைந்தால் உள்ளே ரத்தம் உறையலாம் என்று எக்கோவை மறுபடியும் எடுத்தார்கள். நல்லவேளை, கட்டி எதுவும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்ததால் பண விஷயத்தில் அலைச்சல் குறைவு. அட்டை இல்லாதவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

“ஸ்டென்ட் நல்லாதானே இருக்கு, அப்புறம் ஏன் பம்பிங் கம்மி?” என்று பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். சிலர் டாக்டர் மேலேயே சந்தேகப்பட்டார்கள். நான் அந்தத் திரையைப் பார்த்திருக்காவிட்டால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அதனால் கேத் லேப் வாசலில் நிற்பவர்கள் “அடைப்பு எடுத்தாச்சா” என்பதோடு நிறுத்தாமல், “ஃப்ளோ எவ்வளவு வந்தது, ஈசிஜி மேடு இறங்கியதா” என்றும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆஞ்சியோ படம் பதிந்த சிடியையும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய சண்டை கருவாட்டுக்காகத்தான். உப்பு கூடினால் நீர் கோக்கும். தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வரவேண்டும். இடையில் நைனா மூச்சு வாங்குகிறது என்றார். பயந்துபோய் ஓடினோம். தட்டணுக்கள் ஒட்டாமல் இருக்கக் கொடுத்த டிகாக்ரெலார் மாத்திரைக்கே அப்படி ஒரு பக்கவிளைவு உண்டு என்று சொல்லி, எக்கோ பார்த்துவிட்டு, வேறு மாத்திரைக்கு டாக்டர் மாற்றினார். இதை நாமாக நிறுத்தியிருந்தால் ஸ்டென்ட்டே அடைத்திருக்கலாம்.

அதிர்ச்சியில் மயங்கிக் கிடக்கும் தசை சில வாரங்களில் விழித்துக்கொள்ளலாம். செத்துப்போன தசை திரும்பாது. எது எவ்வளவு என்று முதல் வாரத்தில் சொல்ல முடியாது என்பதால் சில மாதங்கள் கழித்து எக்கோ எடுத்தார்கள். பம்பிங் 42. இன்னும் 35ஐத் தாண்டாமலேயே இருந்திருந்தால், துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்கும் கருவியை நெஞ்சில் பொருத்துவதைப் பற்றிப் பேசியிருப்பார்கள். இப்போது மெதுவாக நடந்து மீன் மார்க்கெட் வரை போய் வருகிறார். மாடி ஏறினால் மட்டும் நின்று நின்றுதான்.