கீழக்கரையில் கை நனைக்காமல் திரும்ப முடியாது

முதலில் ஆட்டோ கதையைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ராமேஸ்வரத்தில் ரயிலை விட்டு இறங்கினால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் லாட்ஜுக்கு 300 ரூபாய். குறைத்துக் கேட்டால், “இஷ்டம்னா ஏறுங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் ஓட்டுநர். தனுஷ்கோடிக்கு வேன்காரர் சொன்ன தொகையில் நானும் மனைவியும் இரண்டு நாள் சாப்பிடலாம். பேசாமல் அரசுப் பேருந்தில் ஏறி, நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை போய், 1964 புயலில் இடிந்த தேவாலயத்தையும் பார்த்துவிட்டு வந்தோம்.

அப்புறம் போனதுதான் கீழக்கரை. ராமநாதபுரத்திலிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது, டிக்கெட்டும் சொற்பம். அங்குள்ள பழைய ஜும்மா பள்ளிவாசலைப் பார்ப்பதுதான் திட்டம். கல்தூண்களும், அவற்றின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைகளும் அப்படியே பாண்டிநாட்டுக் கோயில் மண்டபத்தின் வேலைப்பாடு. ஆனால் உருவங்கள் கிடையாது, பூவும் கொடியும்தான். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்கிறோமே, உமறுப் புலவரை ஆதரித்த அந்த வள்ளலின் ஊர் இது.

தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். “எந்த ஊரு தம்பி?” திருச்சி என்றேன். “சாப்பிட்டீங்களா?” நான் இழுத்ததுமே புரிந்துகொண்டார். பக்கத்துத் தெருவில் அவர் தங்கை வீட்டுக் கல்யாணமாம். “ரெண்டு பேரும் வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.” பெயரைக்கூடக் கேட்கவில்லை!

வாசலிலேயே மனைவியைப் பெண்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். என்னைப் பாயில் உட்கார வைத்தார்கள். சஹன் சாப்பாடு. ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தால்சா. சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே கை வைக்க வேண்டும். எதிரே கல்லூரிப் பையன் ஒருவன். நல்ல கறித்துண்டாகப் பார்த்து விரலால் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான். அவன் பக்கம் வெறும் சோறும் எலும்பும். “போதும்ப்பா, நீ சாப்பிடு” என்றால், “நாங்க இங்கனதானே இருக்கோம், நீங்க சாப்பிடுங்கண்ணே” என்றான். தொண்டை அடைத்துவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

வியட்நாம், துருக்கி போய்வருகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களின் உபசரிப்பைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதட்டும். கீழக்கரைக்கும் ஒரு நடை வந்துவிட்டு எழுதட்டும்.

நீங்களும் போவதாக இருந்தால், சுருக்கமாக: ராமநாதபுரத்தில் தங்குங்கள், ராமேஸ்வரத்தைவிட அறை மலிவு. தொழுகை நேரம் தவிர்த்துப் பள்ளிவாசலுக்குப் போங்கள். திரும்பும்போது தொதல் என்கிற இனிப்பை வாங்காமல் பஸ் ஏறாதீர்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. கடைக்காரர் ருசி பார்க்கக் கொடுத்த துண்டே உள்ளங்கை அகலம். நாங்கள் கால் கிலோ கேட்க நினைத்து ஒரு கிலோவாக வாங்கினோம், அந்தச் செலவு மட்டும் உறுத்தவே இல்லை.