பனியில் ஓடிய ரப்பர்

பனியில் ஓடும் என்ஜின் வண்டியான பனி வண்டியின் அடியில் சுற்றும் பட்டையை முதன்முதலில் படத்தில் பார்த்தபோது, இது நம்ம வீட்டு ஷீட் மாதிரி இருக்கிறதே என்றுதான் தோன்றியது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து நடுவில் எங்கள் வீடு. அப்பா பால் வெட்டுகிறவர். சிரட்டையில் வடிந்த பாலை அரித்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, முதலில் வழவழப்பான ரோலரில் விடுவோம். அப்புறம் வரி போட்ட ரோலர். மறுபக்கம் உடம்பெல்லாம் வரி விழுந்து, ஈரம் சொட்டச் சொட்ட ஷீட் வரும். அந்தப் பட்டையிலும் அதே மாதிரி வரிகள், கொஞ்சம் தடிப்பாக.

நான் ஸ்கூட்டர் மெக்கானிக். பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு மாதமாக இந்த வண்டியின் கதையைத்தான் தேடித் தேடிப் படிக்கிறேன்.

கனடாவில் கியூபெக் மாகாணத்து வல்கூர் என்ற சிற்றூரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்று ஒரு பையன். 1922 கடைசியில், 15 வயதில், பழைய ஃபோர்டு கார் என்ஜினைச் சறுக்கு வண்டியில் ஏற்றி, மரத்தில் செய்த பெரிய காற்றாடியைப் பின்னால் மாட்டி ஓட்டிவிட்டான். முன்னால் இருந்து திருப்பியது தம்பி. மூடியில்லாமல் சுழன்ற காற்றாடியைப் பார்த்த அப்பா, உடனே கழற்றச் சொல்லிவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

1934 குளிர்காலத்தில், வளர்ந்து தகப்பனாகிவிட்ட பொம்பார்டியேயின் 2 வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி. வழியெல்லாம் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை இறந்துவிட்டது. 2017-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது இங்கே ரப்பர் மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டுக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்தத் தகப்பனின் தவிப்பு கொஞ்சம் புரியும்.

ரப்பர் போர்த்திய பல்சக்கரம், அதைச் சுற்றி ரப்பரும் பருத்தியும் சேர்ந்த பட்டை: இந்த அமைப்புக்கு 1937-ல் காப்புரிமை வாங்கினார். அதை வைத்து 7 பேர் உட்காரும் பெரிய வண்டிகள் செய்தார், பிறகு 12 பேர் போகிற வண்டிகள். 1948-ல் கியூபெக் அரசு சாலைப் பனியை அள்ள ஏற்பாடு செய்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

பட்டை எதற்கு? சொத்தவிளைக் கடற்கரை மணலில் ஒருமுறை பைக்கை இறக்கி மாட்டிக்கொண்டேன். ஆக்சிலேட்டரைத் திருகத் திருகச் சக்கரம் குழி தோண்டியது. கடைசியில் தென்னை மட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத்தான் ஏறினேன். பாரம் ஒரு புள்ளியில் இறங்கினால் புதையும், பரவினால் மிதக்கும். பனி வண்டி அந்த மட்டையைத் தானே விரித்துக்கொண்டு, தானே சுருட்டிக்கொண்டு போகிறது.

அமெரிக்காவிலும் ஆட்கள் முயன்றிருக்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்துக் கார்ல் எலியாசன் 1924-லேயே, படகில் மாட்டும் இரண்டரை குதிரைத்திறன் என்ஜினையும் சைக்கிள் பாகங்களையும் சேர்த்து ஒன்று செய்தார். திருப்புவதற்குக் கயிறு. 1956-ல் மினசோட்டாவின் ரோசோ ஊரில், பிற்காலத்தில் போலாரிஸ் என்று பேர் வாங்கிய பட்டறைக்காரர்கள், தானியம் ஏற்றும் இயந்திரத்தின் சங்கிலியைப் பட்டையாகவும் கார் பம்பரைச் சறுக்குக் கட்டையாகவும் போட்டார்கள். பட்டறையில் கைக்குக் கிடைத்ததை வைத்து வண்டியை ஓட வைக்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் தனி மரியாதை.

ஆனால் விளையாட்டுக்கும் ஓட்டலாம் என்கிற அளவுக்கு வண்டி லேசானது பொம்பார்டியே கையில்தான். சின்ன வண்டி ஆசை அவருக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. அதற்கேற்ற சின்ன என்ஜின்தான் இல்லை. ஐம்பதுகளில் அது கிடைத்தது. மூட்டு இல்லாத ஒரே வளையமான அகலப் பட்டையை மகன் ஜெர்மேன் உருவாக்கினார். மூட்டு இருந்தால் அங்கேதான் முதலில் கிழியும், எந்த மெக்கானிக்கும் சொல்வான். முன்னால் திரும்புகிற இரண்டு மரச் சறுக்குகள், 7 குதிரைத்திறன் என்ஜின், பைக் மாதிரி கால் போட்டு உட்காரும் இருக்கை. 1959-ல் வெளிவந்தது. முதல் ஆண்டில் விற்றவை 225.

அறுபதுகளின் பனி வண்டிகளில் கியர் மாற்றும் வேலையைச் செய்தது என்ன தெரியுமா? பெல்ட்டும் விரிந்து சுருங்கும் புல்லியும். ஆக்டிவாவின் இடது பக்க மூடியைக் கழற்றினால் அதே ஏற்பாடு. வேகம் கூடக் கூட ரோலர்கள் வெளியே தள்ளும், புல்லியின் இரண்டு தட்டுகளும் நெருங்கும், பெல்ட் மேலே ஏறும். போன வாரம் பேச்சிப்பாறை ரோட்டில் நின்றுபோன ஒரு ஸ்கூட்டரில் அந்த பெல்ட் நார்நாராகக் கிழிந்திருந்தது. மாற்றும்போது முழுக்க வல்கூர் நினைப்புதான்.

வண்டிக்கு முதலில் நினைத்த பெயர் ஸ்கீ-டாக், அதாவது சறுக்கு நாய். அதுதான் ஸ்கீ-டூ ஆனது. நாய்கள் இழுத்த சறுக்கு வண்டிக்குப் பதிலாக வந்ததல்லவா! ஆரம்ப வண்டிகளில் ஒன்று, வட ஒன்டாரியோவின் லான்ஸ்டவுன் ஹவுஸ் என்ற இடத்தில் ஊழியம் செய்த மொரீஸ் விமே என்ற கத்தோலிக்கப் பாதிரியாருக்குப் போனது. அதுவரை அவருக்கு நாய் வண்டிதான். எங்கள் கிளைப்பங்குக்குத் திருப்பலி வைக்க வருகிற சாமியார், மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றுப் பாதையில் பைக்கைத் தள்ளிக்கொண்டு, அங்கியைத் தூக்கிச் செருகியபடி வருவார். அவரிடம் இந்த விமே சாமியாரின் கதையைச் சொன்னேன். வண்டிப் படத்தைக் காட்டச் சொல்லி, பட்டையைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.