டீசல் காரின் புகை வடிகட்டி விளக்கு: மட்டக்களப்பில் அதைச் சரிசெய்த அனுபவம்

டீசல் கார்களின் முகப்புப் பலகையில் எரியும் மஞ்சள் விளக்குகளில் இரண்டைப் பிரித்தறிந்துகொள்வது அவசியம். ஒன்று எஞ்சின் வடிவிலானது. மற்றது, உள்ளே புள்ளிகள் நிறைந்த ஒரு பெட்டியின் ஊடாகக் குழாய் செல்வது போன்றது, அது டி.பி.எஃப். எனப்படும் புகை வடிகட்டியைக் குறிப்பது. வடிகட்டி விளக்கு மட்டும் எரிந்தால் வாகனத்தை ஓட்டியே சரிசெய்ய வாய்ப்புண்டு. இரண்டும் சேர்ந்து எரிந்து, எஞ்சினின் இழுவையும் குறைந்துவிட்டால் கராஜுக்குத்தான் போகவேண்டும். ஜப்பானில் பாவித்து இறக்குமதி செய்யப்பட்ட என்னுடைய காரில் முதலில் வடிகட்டி விளக்கும், சில கிழமைகளுக்குள் இரண்டும் எரிந்தன.

எஞ்சினிலிருந்து வரும் கரித்துகள்களைத் தேனடை போன்ற பீங்கான் அறைகளில் பிடித்துவைப்பதே இந்த வடிகட்டியின் வேலை. சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தன்னைத் தானே துப்புரவாக்கிக்கொள்ளும். அதற்கு எஞ்சின் மேலதிக டீசலைச் செலுத்தி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்கு உயர்த்த வேண்டும். அந்த எரிப்பு இடையில் தடைப்படாமல் முடிய, 15 முதல் 20 நிமிடங்கள் வரை சீரான வேகத்தில் ஓடுவது நல்லது. நான் நாளாந்தம் போய்வருவது கல்லடியிலிருந்து கல்முனைக்கு. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம் இருந்தாலும், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, பெரியகல்லாறு, மருதமுனை என ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்வதால், முச்சக்கர வண்டிகளுக்கும் பாடசாலை வாசல்களுக்கும் மாடுகளுக்கும் வழிவிட்டு ஊர்வதிலேயே நேரம் போய்விடும். இந்தக் கரையோர வீதி டீசல் வடிகட்டிக்கு ஒத்துவராத வீதி என்பதே என் முடிவு.

ஆகவே முதலில், எரிபொருள் தாங்கியில் போதிய டீசல் இருப்பதை உறுதிசெய்துகொண்டு (தாங்கி வெறுமையை நெருங்கினால் பல கார்கள் எரிப்பைத் தொடங்கவே மாட்டா), ஓட்டமாவடியைத் தாண்டிப் புணானை வழியாக வெலிக்கந்தைப் பக்கம் ஓட்டிச் சென்றேன். அது யானை கடக்கும் வீதி என்பதால் பகலில் போவதே உகந்தது. விளக்கு அணைந்தது. ஆனால் வழமையை விட மிக விரைவில் மீண்டும் எரிந்தது. அதன் பின் எத்தனை தூரம் ஓட்டியும் அணையவில்லை. ஓட்டும் பழக்கம் மட்டுமே காரணமாயிருந்தால் இப்படி நடக்காது என்று அப்போதே தோன்றியது.

அடுத்து நான் சென்ற கராஜில் ஸ்கேன் கருவியைப் பொருத்தி, கரி மிகுந்துவிட்டதைக் குறிக்கும் பி2463 என்ற குறியீட்டை அழித்துத் தந்தார்கள். அது திரும்பி வந்தது. இன்னோரிடத்தில், வடிகட்டியின் உள்ளீட்டை உடைத்தெடுத்துவிட்டு எஞ்சினின் மென்பொருளை மாற்றினால் இனித் தொல்லையே இல்லை என்றார்கள். இந்த யோசனை நம் பகுதியில் தாராளமாகக் கிடைக்கிறது. நான் உடன்படவில்லை. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குப் போகவேண்டிய வாகனம் அது. அதற்கும் மேலாக, அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் நம் ஊராரே. புதிய வடிகட்டியின் விலையோ காரின் பெறுமதியில் கணிசமான பங்கு.

இறுதியில் ஒரு சிறிய கராஜில் இருந்த இளைஞர்தான் குறியீட்டோடு நிற்காமல் அளவீடுகளையும் பார்த்தார். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தின் வேறுபாட்டை அளக்க, இரண்டு சிறு குழாய்கள் இணைந்த ஒரு சென்சர் உண்டு. வடிகட்டி எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதை எஞ்சினின் கணினி பெருமளவு அதைக் கொண்டே கணிக்கிறது. அவர் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினார். புகையே ஓடாத அந்த நிலையில் வேறுபாடு பூச்சியமாக, அல்லது அதற்கு மிக அண்மையாக இருக்கவேண்டும். திரையில் அப்படி இருக்கவில்லை. "சேர், எஞ்சின் ஓடவே இல்லை, இதென்ன அழுத்தம் காட்டுது?" என்றார். குழாய்களைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோதும் அதே எண் நின்றது. பழுது சென்சரில் என்பது அத்துடன் தெளிவாயிற்று. வடிகட்டியில் உள்ளதை விடக் கூடுதலான கரி இருப்பதாகக் கணினி நம்பியிருந்தது. கரி ஓர் அளவைத் தாண்டிவிட்டதாகக் கருதினால், கட்டுக்கடங்கா வெப்பத்தில் பீங்கான் வெடித்துவிடாதிருக்க அது எரிப்பை அனுமதிக்காது. வெலிக்கந்தைப் பக்கம் ஓட்டிய பின்னைய ஓட்டங்கள் பயனற்றுப் போனமைக்கு அதுவே காரணம்.

புதிய சென்சரைப் பொருத்தி, அதன் பூச்சிய நிலையைக் கணினிக்கு அறியச் செய்த பிறகு, ஸ்கேன் கருவியின் கட்டளையால் நின்ற இடத்திலேயே எரிப்பை நடத்தினோம். புகைக்குழாய் கடுமையாகச் சூடேறும் என்பதால், காய்ந்த புல்லோ சருகோ இல்லாத வெறும் தரையில் காரை நிறுத்தி, பொனட்டைத் திறந்துவைத்து, சிறுவர்களை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டோம். முடிந்ததும் எஞ்சின் ஒயிலையும் மாற்றினோம். தடைப்பட்ட எரிப்புகளின் போது எரியாத டீசல் ஒயிலில் கலப்பதுண்டு. அளவுக்கோலில் ஒயில் மேல் எல்லையைத் தாண்டி நின்றது அதைக் காட்டியது. ஒயில் குறைந்தால் பதறும் நாம், கூடினால் மகிழ்ந்துவிடுகிறோம். டீசல் காரில் இரண்டுமே கெடுதி.

இப்போது கந்தகம் குறைந்த சுப்பர் டீசலையும், வடிகட்டி உள்ள எஞ்சின்களுக்கென வரும் சாம்பல் குறைந்த ஒயிலையுமே பாவிக்கிறேன். கரி எரிந்துவிடும், ஒயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அது நிறையும் காலத்தில் வடிகட்டியைக் கழற்றித்தான் துப்புரவாக்க வேண்டும் என்பதால், அதை உடைக்காமல் கழுவித் தரும் இடத்தை இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.