குதிரைக் குடல் சத்திரசிகிச்சை: மாட்டை அறிந்த நாம் பிழைவிடும் இடங்கள்

படுவான்கரையிலும் அக்கரைப்பற்றிலும் மாட்டுப்பட்டிகளைப் பார்த்து வளர்ந்து, மிருக வைத்தியம் படிக்கப் பேராதனைக்குப் போகும் தம்பி தங்கச்சிமாரே, குதிரையின் வயிற்றுக்குத்துப் பாடத்தில் உங்கள் கை தானாக மாட்டைத்தான் எழுதும். அதை முதலில் நிறுத்துங்கள்.

மாட்டை நிற்கவைத்தே விறைப்பூசி போட்டு, விலாப்பள்ளத்தில் திறக்கலாம். குதிரையை முழு மயக்கத்தில் மல்லாத்தி, தொப்புளிலிருந்து நெஞ்சுப் பக்கமாக நடுக்கோட்டில் 20–30 செ.மீ. கீற வேண்டும்.

மயக்குமுன் மூக்குவழியாக இரைப்பைக்குக் குழாய் விட வேண்டும். இதை விட்டுவிடவே கூடாது. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது, இரைப்பையும் 8–15 லீற்றர்தான் கொள்ளும். நிரம்பிய இரைப்பையோடு மல்லாத்தினால் அது கிழியலாம். குழாயில் 2 லீற்றருக்கு மேல் திரும்பி வந்தால் சிறுகுடலைச் சந்தேகியுங்கள்.

எப்போது திறப்பது? நிமிடத்துக்கு 28–44 இருக்கவேண்டிய இதயத்துடிப்பு வலிமருந்துக்குப் பிறகும் 60ஐத் தாண்டி நிற்கிறது, வலி மீண்டும் வருகிறது, வைக்கோல் நிறமாக இருக்கவேண்டிய வயிற்றறை நீர் செந்நிறமாக வருகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. ஒரு குறியை மட்டும் எழுதி முடிவு சொல்லாதீர்கள். புளூனிக்சின் என்ற வலிமருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் வலி மறையும், குடல் அழுகுவது நிற்காது.

உள்ளே கை வைத்ததும் வழிகாட்டி குருட்டுக்குடல். அதன் சுவரில் நீளவாக்கில் ஓடும் நான்கு பட்டிகள், அதாவது நாடாக்கள். முதுகுப்பக்க நாடாவைப் பிடித்துப் போனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியம் வரும். அங்கிருந்து சிறுகுடலை முன்நோக்கி, முன்சிறுகுடலைப் பெருங்குடலோடு கட்டும் மடிப்புவரை முழம் முழமாகப் பார்த்துப் போகலாம். வெளிப்பக்க நாடா வலது கீழ்ப் பெருங்குடலுக்குக் கொண்டுபோகும். படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தால் இது நிற்காது. பழைய சாரத்துணியில் ஒரு பை தைத்து, நான்கு நிற நூலால் நாடா ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பழகுங்கள்.

சாணம் இறுகி அடைக்கும் வழமையான இடம் பெருங்குடலின் இடுப்பு வளைவு, அங்கே குழல் சட்டென்று ஒடுங்குகிறது. அந்த வளைவை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தட்டில் கிடத்தி, குடலைத் தாங்கும் சவ்வான நடுமடிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் கீறி, குழாய்நீரால் கழுவி இறக்குவார்கள். தட்டு ஏன் என்று கேட்டால், குடலின் அழுக்கு வயிற்றறைக்குள் விழாமலிருக்க என்று எழுதுங்கள். மாட்டின் வயிற்றறை நாரிழையால் அழற்சியை வேகமாக ஓரிடத்தில் அடக்கிவிடும், குதிரையில் அது பரவிவிடும்.

வெட்டுவாயை மூடும்போது பலம் தாங்குவது வயிற்றின் நடுவே இருபக்கத் தசைகளையும் சேர்க்கும் நார்ப்பட்டையான நடுக்கோட்டு வெண்ணார்தான், தசையோ தோலோ அல்ல. தையல் விளிம்பிலிருந்து 1 செ.மீ.க்கு மேல் தள்ளிப் பிடிக்க வேண்டும். கிட்டப் பிடித்தால், மயக்கம் தெளிந்த குதிரை துள்ளி எழும்போதே பிய்யலாம்.