பவுனுக்கு நான்கரை மாதம்: அடிக்காமல் பழக்கியதில் இதுவரை

பவுனு வந்து மூன்று மாதம் ஆகிறது. கோவில்பட்டி பக்கம் மாமா வீட்டுச் சிப்பிப்பாறை நாய் போட்ட ஐந்து குட்டிகளில் செவலை நிறத்தில் இருந்த ஒரே பொட்டை இவள்தான். ஜூலை நடுவில், 50 நாள் குட்டியாகப் பாளையங்கோட்டைக்குத் தூக்கி வந்தேன். கிளம்பும்போது மாமா சொன்னார், "மருமவனே, இது வேட்டைச் சாதி. சின்னதுலயே நாலு போடு போட்டு வச்சாத்தான் கைக்குள்ள நிக்கும்." மாமா நாய்களைப் பிள்ளைபோல வளர்ப்பவர், நாய்க்குக் கஞ்சி ஊற்றிவிட்டுத்தான் தன் தட்டில் உட்காருவார். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் வேறு வழியில் போவது என்று முடிவு செய்திருந்தேன். தினமும் ஒரு நோட்டில் எழுதி வந்ததால்தான் இதை இவ்வளவு விவரமாகச் சொல்ல முடிகிறது.

மூத்திர விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அந்த வயதில் குட்டியால் அடக்க முடியாது, அதனால் திட்டுவதில் பலன் இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், போய் முடித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு கறி. முதல் நாள் வீட்டுக்குள் 11 முறை போனாள். நான்காவது வாரத்தில் நாளுக்கு ஒன்று. இப்போது மழை பெய்தால் மட்டும் தகராறு, மெல்லிய தோல், குட்டை முடி, ஈரத்தில் கால் வைக்கவே மாட்டேன் என்கிறாள்.

கடிதான் பெரிய பாடு. பால்பற்கள் 28-ம் ஊசி மாதிரி இருக்கும். வந்த நான்காம் நாள் அம்மாவின் மணிக்கட்டில் விளையாட்டாகக் கவ்வியதில் லேசாக ரத்தம் வந்துவிட்டது. "குட்டி நாய்தான, மஞ்சள் வச்சா போதும்" என்றார் அம்மா. நான் விடவில்லை. சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவவைத்து, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டோம். அன்று, பிறகு 3, 7, 28-ம் நாள் என்று நான்கு தவணை. குட்டிக்கே மூன்று மாதத்தில்தான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவார்கள், அதுவரை அதற்குப் பாதுகாப்பு கிடையாது. தயவுசெய்து இதில் யாரும் மஞ்சளோடு நிறுத்திவிடாதீர்கள்.

அந்தக் கோபத்தில் நான் ஒன்று செய்தேன். மறுநாள் என் விரலைக் கடித்தபோது அவள் மூக்கில் இரண்டு விரலால் ஒரு தட்டு தட்டினேன். பலமாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள், நான் தலையைத் தடவக் கையை நீட்டினாலே காதுகளைப் பின்னால் மடித்துக் கழுத்தைத் தாழ்த்தினாள். சாப்பாட்டுக் கிண்ணத்தை எடுக்கக் குனிந்தாலும் அதே தாழ்த்தல். கடிப்பது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை, கையைப் பார்த்துப் பயப்பட மட்டும் கற்றுக்கொண்டாள். அதைச் சரி செய்ய எனக்கு 16 நாள் ஆனது. கை அவள் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் வரும், உடனே வாயில் ஈரல் துண்டு. அப்புறம் அரைச் சாண். அப்புறம் காதைத் தொட்டு, பிறகு கழுத்துப்பட்டையைப் பிடித்து, பிறகு நகத்தை. பதினேழாம் நாள் என் உள்ளங்கைக்குள் அவளாகவே தாடையைக் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பக்கத்தில் தேதியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

கடியை நிறுத்தியது வேறு வழி. பல் பட்ட உடனே விளையாட்டு நிற்கும், நான் எழுந்து கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் போய் இருபது எண்ணுவேன், திரும்பி வந்து ஈரத்துணி முடிச்சைக் கொடுப்பேன். கத்தல் கிடையாது. வீட்டில் எல்லாரும் அதையே செய்தால்தான் நடக்கும், தம்பி மட்டும் கையை ஆட்டி ஆட்டி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்த வாரத்தில் முன்னேற்றமே இல்லை. மூன்று மாத முடிவில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கையை உரசுவாள், அழுத்த மாட்டாள்.

பழக்கும்போது 'கிளிக்' என்று சத்தம் கொடுக்கும் சின்னக் கருவியான கிளிக்கர் வாங்கவில்லை. நாக்கைச் சுழற்றி 'டொக்' என்று ஒரு சத்தம், அது கேட்டால் கட்டாயம் தீனி உண்டு. முதல் நாள் வேறு எதுவும் சொல்லித்தராமல் டொக், துண்டு, டொக், துண்டு என்று இருபது முறை. இருபதாவது முறை சத்தத்துக்கே தலை வெட்டித் திரும்பியது. ஆனால் 'உட்கார்' ஒரு வாரமாகியும் நிலைக்கவில்லை, உட்கார்ந்ததும் எழுந்துவிடுவாள். செல்போனில் படம் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, தரையில் உட்காரும் நொடியில் இல்லாமல் எழ ஆரம்பிக்கும் நொடியில் நான் டொக் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு நொடித் தாமதம்தான். அவள் சொன்னதைச் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள், நான்தான் எழுந்திருக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். திருத்திய பிறகு மூன்றே நாள்.

தீனியைப் பற்றி ஒன்று. கோழி ஈரலை வேகவைத்துப் பாசிப்பயறு அளவுக்கு நறுக்கினால் போதும், பெரிய துண்டு என்றால் பத்து முறையில் வயிறு நிறைந்துவிடும். ஈரல் கூடினால் வயிற்றால் போகும், எங்களுக்குப் போனது. அதனால் இப்போது உப்புப் போடாமல் வேகவைத்த நெஞ்சுக்கறிதான் பெரும்பாலும், அதையும் அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுவேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரைதான் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம். அதே சமயம் தடுப்பூசி முடியாமல் தெருவில் இறக்கினால் பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோய் வரலாம், அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் துணிப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டே பாளை மார்க்கெட், பள்ளிக்கூடம் விடும் நேரம், பஸ் ஸ்டாண்ட் வாசல் என்று சுற்றினேன். கால் தரையில் படாது. ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்த பாட்டி, ஏர் ஹாரன், ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு.

இப்போது மிச்சம் இருப்பது கூப்பிட்டால் வருவது. இதில் மாதம் ஒன்றை வீணாக்கினேன். "வா" என்று கூப்பிட்டுக் குளிப்பாட்டினோம், "வா" என்று கூப்பிட்டு நகம் வெட்டினோம், விளையாடிக்கொண்டிருந்தவளை "வா" என்று கூப்பிட்டுக் கட்டிப்போட்டோம். அவளுக்குப் பன்னிரண்டு வார வயதில் "வா" என்றால் நின்று பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டாள். கைக்கு நடந்ததேதான் சொல்லுக்கும் நடந்திருக்கிறது, அதற்கு அடுத்து என்ன வருகிறதோ அதுதான் அவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம். அந்த "வா"வைத் தேற்ற முயலாமல் கைகழுவிவிட்டு, "ஓடியா" என்று புதுச் சொல் எடுத்தேன். அம்மாவிடமும் தம்பியிடமும் இந்தச் சொல்லை வேறு எதற்கும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். நாளுக்குப் பத்து முறை, அவள் ஏற்கெனவே என்னை நோக்கி வரும்போது மட்டும், வந்ததும் ஒன்றல்ல மூன்று துண்டு, பிறகு உடனே மறுபடி விளையாட விட்டுவிடுவது. கடைசிப் பகுதிதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. வந்தால் விளையாட்டு முடியாது என்று தெரிந்த பிறகுதான் அவள் ஓட்டத்தில் வேகம் வந்தது.

வெளியே 30 அடிக் கயிறு. கழுத்துப்பட்டையில் கட்டுவதில்லை, இந்தச் சாதிக்கு நீளக் கழுத்தும் ஒடுங்கிய தலையும், பட்டை எளிதில் உருவிவிடும், ஓடி நின்றால் கழுத்தும் வெட்டும். நெஞ்சு வார்தான் சரி. முதலில் நைலான் கயிற்றை வெறும் கையில் பிடித்து உள்ளங்கை தோல் உரிந்தது, இப்போது கையுறை.

தீபாவளி நெருங்குகிறது. வெடிச்சத்தத்தைச் செல்போனில் மிக மெதுவாக வைத்து அவள் சாப்பிடும்போது ஓடவிடுகிறேன், காது அசையாவிட்டால் மட்டும் மறுநாள் ஒரு புள்ளி கூட்டுவேன். இப்போது பாதிச் சத்தத்துக்கு வந்திருக்கிறோம். அன்றைக்குத் தெருவில் வைக்கும் அணுகுண்டுக்கு இது போதுமா, போதாது. உள் அறை, மூடிய ஜன்னல், மின்விசிறி, கூட நான் என்று அதற்குத் தனியாகத் திட்டம் வைத்திருக்கிறேன்.

நேற்று மாலை குளத்தங்கரையில் நாற்பது அடி தள்ளி ஆடுகள். இதுவரை ஆட்டைப் பார்த்தால் கயிறு விறைத்துப்போகும், என் குரலே கேட்காது, பத்துக்கு ஒன்றுதான் கணக்கு. நேற்றும் விறைத்தாள், முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நின்றாள். நான் கூப்பிடவில்லை, இழுக்கவும் இல்லை. கயிறு கொஞ்சம் தொய்ந்தது. தலை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது, அந்த நொடியில் டொக். கையில் இருந்த கறி முழுவதையும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம்.