என் ஷெல்லுக்குச் சூரை தொண்டையில் சிக்கிய கதை

எங்கள் வீட்டில் 'ஷெல் எழுதுகிறேன்' என்று சொல்ல முடியாது. திருகோணமலையில் அம்மாவுக்குத் தெரிந்த ஷெல் வானத்திலிருந்து விழுவது; நான் சொல்வதோ, தட்டும் கட்டளைகளைப் படித்துக் கணினியில் ஓட்டும் நிரல். அதனால் 'கட்டளை புரோகிராம்' என்று சொல்லிக்கொண்டு, ஓய்வு நேரத்தில் சி மொழியில் சின்னதாக ஒன்று எழுதி வருகிறேன்.

திருக்கடலூரில் மீன் வாடி வைத்திருக்கும் நண்பனுக்கு எடைக் கணக்குப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் (ஷெல் ஓட்டும் கட்டளைக் கோப்பு) எழுதிக் கொடுத்திருந்தேன். டாஷ் என்ற ஷெல்லில் ஒழுங்காக ஓடியது. பெருமைக்கு அதை என் ஷெல்லில் ஓடவிட்டேன். 'எதிர்பாராத இரட்டை அரைப்புள்ளி' என்று நின்றுவிட்டது.

"உன்ர ஷெல்லுக்கு அறக்குளாவும் சூரையும் தெரியாதோ மச்சான்?" என்றான்.

மீன் பெயர்கள் தமிழில் இருந்ததால், எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூடிஎஃப்-8 மேல்தான் முதல் சந்தேகம். ஒரு மாலை முழுக்க வீண். அப்புறம் ஸ்கிரிப்டை வெட்டிக்கொண்டே வந்தேன். மூன்று வரி மிஞ்சியது. டாலர் குறியும் அடைப்பும் போட்டு (உள்ளே உள்ள கட்டளையின் விடையை அந்த இடத்தில் வைக்கும் முறை), அதற்குள் ஒரு கேஸ், அதாவது பெயருக்கேற்ப வெவ்வேறு வேலை செய்யும் கட்டளை. கேஸில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் மூடும் அடைப்பு மட்டும் வரும், திறப்பது இருக்காது. என் நிரலோ திறந்தால் ஒன்று கூட்டி, மூடினால் ஒன்று கழித்து, பூச்சியம் வந்ததும் 'முடிந்தது' என்று வெட்டிவிடும். 'சூரை)' என்ற இடத்திலேயே வெட்டிவிட்டது; கேஸின் கிளையை முடிக்கும் இரட்டை அரைப்புள்ளி வெளியே தனியாக நின்றது. ஷெல்களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸ் விதிப்படி முன்னால் ஒரு திறக்கும் அடைப்பும் போடலாம். '(சூரை)' என்று மாற்றினேன், உடனே ஓடியது. கள்ளன் பிடிபட்டான்.

சோம்பலில் முதலில் ஒட்டுப்போட்டேன்: கேஸ் என்ற சொல்லைக் கண்டால் எண்ணுவதை நிறுத்து. அதே சொல்லை, கொடுத்ததை அப்படியே அச்சிடும் எக்கோ கட்டளைக்குக் கொடுத்ததும் அதுவும் கிழிந்தது. கட்டளையின் முதற்சொல்லா, வெறும் சொல்லா என்று எழுத்தை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது; படித்துத்தான் பார்க்க வேண்டும். பரவலாகப் புழங்கும் பாஷ் ஷெல்கூட இதில் தடுமாறித்தான், 2022இல் வந்த 5.2 பதிப்பில் உள்ளே இருப்பதைப் படிக்க, கட்டளைகளை இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் பார்சரையே திரும்ப அழைக்கத் தொடங்கியது. நானும் எண்ணும் நிரலைத் தூக்கி எறிந்துவிட்டு அதையே செய்தேன்.

அத்தோடு முடியவில்லை. வெளியே திறந்திருந்த இரட்டை மேற்கோளின் நிலை உள்ளேயும் ஒழுகிப் போனது. டாலர் அடைப்புக்குள் மேற்கோள் கணக்கு புதிதாகத் தொடங்க வேண்டும். நிலையை எடுத்து வைத்து, வெளியே வரும்போது திரும்பப் போடும் ஆறு வரிக்கு இரண்டு இரவு போனது. நல்ல வேளையாக, உள்ளே இருக்கும் குறிப்பு வரியில் ஒற்றை மேற்கோள் வந்தால் கோப்பின் மிச்சத்தை விழுங்கும் பழைய வியாதியும் கூடவே தீர்ந்தது.

இப்போது ஒவ்வொரு சோதனை ஸ்கிரிப்டையும் டாஷிலும் இதிலும் ஓட்டி, விடைகளை ஒப்பிடுகிறேன். உள்ளே ஹியர்-டாக் (கட்டளைக்கு உள்ளீடாக ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதும் வரிகள்) வந்தால் மட்டும் இன்னும் தடுக்கி விழுகிறது. அதை அடுத்த போயா (பௌர்ணமி) லீவுக்கு வைத்திருக்கிறேன்.